சிரோசிஸ் நோயாளிக்கு முதல் டோஸ்: ஏஎல்டி ஏறினால் நோயா, மருந்தா?

மருந்தியல்_பிஜி (கேள்வி)

வணக்கம். பாடத்துக்காக ஒரு மாதிரி நெறிமுறை எழுதுகிறேன். மருந்து கற்பனைதான், எண்களை மட்டும் நிஜத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கான மாத்திரை, கார்பாக்சிலிக் அமில மூலக்கூறு. ஓஏடிபி கடத்திகள் (மருந்தை உள்ளே இழுக்கும் சவ்வுப் புரதங்கள்) வழியே கல்லீரல் செல்லுக்குள் போகிறது, க்ளுகுரோனைடாக (சர்க்கரை அமிலம் ஒட்டிய வடிவமாக) மாறிப் பித்தத்தில் கழிகிறது. ஆரோக்கியமானவர்களிடம் ஒற்றை டோஸ் 200 மி.கி. வரையும், 14 நாள் தொடர் டோஸ் தினம் 100 மி.கி. வரையும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சைல்ட்-பியூ ஏ சிரோசிஸ் நோயாளிகள் 12 பேர், 28 நாள் (சிரோசிஸ் என்பது கல்லீரல் தழும்பேறிய நிலை; சைல்ட்-பியூ தரத்தில் ஏ லேசானது, சி கடுமையானது). 9 பேருக்கு மருந்து, 3 பேருக்கு வெற்று மாத்திரை.

சிக்குகிற இடங்கள் இவை. தினம் 100 மி.கி. என்றே தொடங்கலாமா? மருந்தை நிறுத்தும் விதியை ஆரோக்கியமானவர்களுக்கான நெறிமுறையிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறேன்: ஏஎல்டி (கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) மேல்வரம்பைப் போல 3 மடங்கு, கூடவே பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி) 2 மடங்கு. ஆனால் இந்த நோயாளிகளில் சிலருக்கு முதல் நாளே ஏஎல்டி 90 இருக்கும். அப்போது 3 மடங்கு எதற்கு மேல்? ரத்த மாதிரி அட்டவணையும் பழையதுதான், 24 மணி நேரத்தோடு நிற்கிறது. அது போதுமா?

டோஸ்கணக்கு

100 மி.கி.யில் தொடங்காதீர்கள். டோஸை ஓரமாக வைத்துவிட்டு ஏயூசியைப் பாருங்கள், அதாவது ரத்தத்தில் மருந்தின் மொத்த வெளிப்பாட்டை. ஆரோக்கியமானவர் உடல் எவ்வளவு ஏயூசி வரை தாங்கியது, சிரோசிஸில் அதே மாத்திரை எவ்வளவு ஏயூசி கொடுக்கும், இந்த இரண்டும்தான் தேவை.

சிரோசிஸில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் கிளைப்பாதைகளில் நழுவி நேராகப் பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. முதல் சுற்றிலேயே கல்லீரலில் 90 சதவீதம் அடிபடும் மருந்து என்றால் பாதிப்பு பயங்கரம்: 10 சதவீதம் தப்பிக்க வேண்டியது 40 சதவீதம் தப்பித்தால் நான்கு மடங்கு டோஸ் கொடுத்த மாதிரி. அடுத்தது, ஓஏடிபி கடத்திகள் குறைவதால் செல்லுக்குள் போக வேண்டிய மருந்து ரத்தத்திலேயே நிற்கிறது. உங்கள் மூலக்கூறு அந்த வகை. மூன்றாவது ஆல்புமின், மருந்தை ஒட்டவைத்திருக்கும் ரத்தப் புரதம். 99 சதவீதம் ஒட்டியிருந்தது 98 ஆனால் பார்க்கச் சின்ன மாற்றம், கட்டற்ற மருந்து இரட்டிப்பு. மொத்த அளவை மட்டும் அளந்தால் இது கண்ணில் படவே படாது.

ஒபெட்டிகோலிக் அமிலத்தின் கதை உங்கள் மருந்துக்கு நேர் உதாரணம். 10 மி.கி. ஒற்றை டோஸில் மொத்த ஏயூசி சைல்ட்-பியூ ஏ-யில் 1.1 மடங்கு, பி-யில் 4 மடங்கு, சி-யில் 17 மடங்கு. முதன்மைப் பித்தநாள அழற்சிக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதே பி, சி நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை 5 மி.கி.யில்தான் தொடங்க வேண்டும் என்று லேபிளில் இருந்தது. நடைமுறையில் அவர்களுக்கும் தினசரி டோஸ் போனது. 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது, 2018-ல் லேபிளில் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மிகக் கடுமையான வகை) வந்தது, 2021-ல் நிலைகுலைந்த சிரோசிஸில் தரவே கூடாது என்றாகி, 2025-ல் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. இதில் கவனிக்க வேண்டியது: சோதனையில் சேரும்போது ஏ-யாக இருப்பவர் நடுவிலேயே பி ஆகலாம். மாத்திரை அதே மாத்திரையாக இருக்கும்.

ஆகவே 28 நாளுக்கு முன்னால் ஒற்றை டோஸ் ஆய்வு ஒன்றைச் செருகுங்கள். எஃப்டிஏவின் 2003 வழிகாட்டுதலில் இரண்டு வடிவங்கள் உண்டு. முழு வடிவம் என்றால் ஏ, பி, சி, கட்டுப்பாடு என ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது 6 பேர். சுருக்க வடிவம் என்றால் பி-யில் 8, கட்டுப்பாட்டில் 8. கட்டுப்பாட்டுக் குழுவை வயது, எடை, பாலினம் பார்த்துப் பொருத்த வேண்டும். 22 வயதுக் கல்லூரிப் பையன்களை 55 வயது நோயாளிகளோடு ஒப்பிட்டால் வரும் வித்தியாசத்தில் பாதி வயதினுடையது.

தொடக்க டோஸ் 25 மி.கி. நான்கு மடங்கு ஏறினாலும் 100 மி.கி. கொடுத்து ஏற்கெனவே பார்த்த ஏயூசிக்குள்தான் விழும். முதல் இருவர் காவல் டோஸ், ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெற்று. 48 மணி நேரம் கழித்துத்தான் மற்றவர்கள். 2006-ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்தின் சோதனையில் ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றி, ஆறு பேருமே தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு இந்த இடைவெளியை யாரும் கேள்வி கேட்பதில்லை. பிறகு 50, 100. ஒவ்வொரு படிக்கும் முன்னால் பிகே எண்கள் (ரத்தத்தில் மருந்தின் அளவுகள்) கையில் இருக்க வேண்டும், "பக்கவிளைவு இல்லை" என்ற ஒரு வரியை வைத்து ஏற்றக்கூடாது.

சைல்ட்-பியூ மதிப்பெண்ணையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். கில்பர்ட் (தீங்கற்ற பிறவி நிலை) இருப்பவருக்குப் பிலிருபின் சும்மாவே ஏறியிருக்கும். ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) கல்லீரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. போன வாரம் ஆல்புமின் ஏற்றியிருந்தால் ஆல்புமின் புள்ளி பொய். நீர்பிரிப்பு மாத்திரையால் வயிற்று நீர் மறைந்திருந்தால் அதையும் "இருக்கிறது" என்றே கணக்கில் எடுக்க வேண்டும். மிகக் குறைந்த 5 புள்ளி வாங்கிய ஒருவருக்கு உணவுக்குழாய் ரத்தநாளங்கள் புடைத்திருக்கலாம், பிளேட்லெட் 70 ஆயிரத்தில் இருக்கலாம். அவரும் ஏ, பிளேட்லெட் 2 லட்சம் உள்ளவரும் ஏ.

வாய்மொழித் தேர்வில் ஆரோக்கியமானவர்களின் முதல் டோஸ் எப்படி வந்தது என்று கேட்பார்கள். எலியில் தீங்கற்ற உச்ச டோஸ் கிலோவுக்கு 50 மி.கி. என்றால் 6.2-ஆல் (எலி டோஸை மனித டோஸாக்கும் எண்) வகுங்கள், 8.1. நாயில் 10 மி.கி. என்றால் 1.8-ஆல் வகுக்க 5.6. குறைந்ததை எடுத்துப் பத்தால் வகுத்தால் கிலோவுக்கு 0.56, 60 கிலோ ஆளுக்கு 33 மி.கி. அதைக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கி 25 என்று வைப்பார்கள்.

கண்ணன்_ஹெப்

நிறுத்தும் விதிக்கு வருகிறேன், நெறிமுறையில் அதிகம் சொதப்பும் இடம் அதுதான்.

முதலில் அடிப்படை அளவு. ஒரே ஒரு ஏஎல்டியை வைத்து அடிப்படை என்று எழுதாதீர்கள். இரண்டு வார இடைவெளியாவது விட்டு இரண்டு முறை, ஒரே ஆய்வகத்தில். இரண்டுக்கும் பாதிக்குமேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது. ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ இருந்தால் அந்த ஆளைச் சேர்க்காதீர்கள், நிலைக்கட்டும். ஒவ்வொரு லேபிலும் மேல்வரம்பு 35, 40, 55 என்று வேறுவேறாக இருப்பதால் மத்திய ஆய்வகம் ஒன்று இல்லாவிட்டால் மடங்குக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும்.

அடிப்படை மேல்வரம்பைப் போல ஒன்றரை மடங்குக்குக் கீழ் இருப்பவர்களுக்கு மேல்வரம்பை வைத்து எண்ணலாம். அதற்கு மேல் இருப்பவர்களுக்கு அவரவர் அடிப்படையை வைத்து. உங்கள் 90-காரருக்கு இப்படி எழுதலாம்: ஏஎல்டி அடிப்படையின் 3 மடங்கு அல்லது 300, எது முதலில் வருகிறதோ அது, அவருக்கு 270. அதைத் தொட்டால் 2 முதல் 5 நாளுக்குள் மறுபரிசோதனை. 5 மடங்கு அல்லது 500, அவருக்கு 450, வந்தால் மருந்து நிறுத்தம். அடிப்படையின் 2 மடங்கு, அவருக்கு 180, கூடவே பிலிருபின் இரட்டிப்பு என்றாலும் நிறுத்தம். களைப்பு, வாந்தி, வலது மேல்வயிற்று வலி, அரிப்பு, காய்ச்சல் சேர்ந்தால் 3 மடங்குக்கே நிறுத்தம்.

இது கொழுப்புக் கல்லீரல் அழற்சி சோதனைகளில் பழகிய சட்டகம். சிரோசிஸுக்கு இது மட்டும் போதாது என்பது என் கருத்து. செல்கள் பாதி போன கல்லீரலால் ஏஎல்டியை 450-க்கு ஏற்றவே முடியாமல் போகலாம். எரிய விறகு இல்லாத அடுப்பில் புகையைத் தேடுகிற கதை. ஆகவே ஏஎல்டி என்னவாக இருந்தாலும் சரி, நேரடிப் பிலிருபின் இரட்டித்தாலோ, ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டினாலோ, புதிதாக வயிற்று நீர், குழப்பநிலை, ரத்த வாந்தி எது வந்தாலோ அந்த நாளே நிறுத்தம் என்று தனி வரியாகப் போடுங்கள்.

இன்னொரு பொறி. உங்கள் மருந்து வேலை செய்தால் ஏஎல்டி இறங்கும். 90 இரண்டாவது வாரம் 40 ஆகிறது, நான்காவது வாரம் 115. அடிப்படையோடு பார்த்தால் ஒன்றேகால் மடங்கு, எந்த எச்சரிக்கையும் அடிக்காது. 40-லிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆகவே தொட்ட அடிமட்டம் புதிய அடிப்படையாக மாறும் என்று எழுத வேண்டும். நெறிமுறை வரைவுகளில் இந்த வரி பெரும்பாலும் விட்டுப்போகும்.

ஏறியதும் அன்றே அனுப்ப வேண்டியவை: தசை நொதியான சிகே (ஏஎஸ்டி நொதி தசையிலிருந்தும் வரும், ஜிம்முக்குப் போய்வந்து ஏறியதைக் கல்லீரல் என்று நினைத்துவிடக் கூடாது), ஹெபடைடிஸ் ஏ ஐஜிஎம், பி மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஐஜிஎம், சி ஆர்என்ஏ, ஈ ஐஜிஎம். நம் ஊர்த் தண்ணீருக்கு ஈ-யை விடவே கூடாது. டாப்ளர் ஸ்கேன், போர்ட்டல் நாளத்தில் உறைவு இருக்கிறதா என்று. பிறகு பாராசிட்டமால். ஆரோக்கியமானவர்களுக்கு தினம் 4 கிராம் வீதம் 14 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது, 31 முதல் 44 சதவீதம் பேருக்கு ஏஎல்டி மூன்று மடங்கைத் தாண்டியது. தலைவலிக்கு வார்டில் கொடுத்த மாத்திரை உங்கள் மருந்தைக் குற்றவாளி ஆக்கிவிடும். சிரோசிஸில் 2 கிராமுக்கு மேல் வேண்டாம், எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்று குறித்தே ஆக வேண்டும். வெற்று மாத்திரை எடுத்துக்கொண்டு வார்டில் தங்கியிருந்த ஆரோக்கியமானவர்களில்கூட ஐந்தில் ஒருவருக்கு ஒருமுறையாவது ஏஎல்டி வரம்பைத் தாண்டிய பதிவு உண்டு.

கடைசியாக, "நல்ல ஏற்றம்" என்ற நினைப்பு. ஹெபடைடிஸ் பி-யில் உடல் வைரஸை விரட்டும்போதும் ஏஎல்டி ஏறும். 1993-ல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெபடைடிஸ் பி-க்கான ஃபியாலுரிடின் மருந்தின் சோதனை நடந்தது. 15 நோயாளிகள், கிலோவுக்கு தினம் 0.1 அல்லது 0.25 மி.கி., ஆறு மாதத் திட்டம். வைரஸ் டிஎன்ஏ சரசரவென்று இறங்கியது, இடையில் ஏறிய ஏஎல்டியை வைரஸ் விலகும் அறிகுறியாகவே படித்தார்கள். 13-வது வாரத்தில் ஒருவர் கல்லீரல் செயலிழப்போடும் லாக்டிக் அமிலத் தேக்கத்தோடும் வந்தார். அன்றே எல்லோருக்கும் மருந்து நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் சரிவு நிற்கவில்லை: மொத்தம் 7 பேருக்குக் கடும் கல்லீரல் பாதிப்பு, 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். நிறுத்தும் விதி எழுதும்போது இந்த 15 பேரை முன்னால் வைத்து உங்கள் விதி எத்தனையாவது வாரத்தில் மணி அடித்திருக்கும் என்று ஓட்டிப் பாருங்கள். ஏஎல்டி மட்டும் இருக்கும் விதி தாமதமாகத்தான் அடிக்கும்.

மீனா_லேப்

ரத்த மாதிரிப் பகுதி. 24 மணி நேரம் போதாது. ஆரோக்கியமானவரில் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகும் நேரம்) 8 மணி என்றால் சிரோசிஸில் 15, 20 ஆகலாம். வாலை வெட்டிவிட்டால் ஏயூசியில் பெரும்பகுதி ஊகமாகிவிடும், ஊகப் பகுதி 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒற்றை டோஸுக்கு 96 மணி வரை போங்கள். பித்தத்தில் கழியும் மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி குடலில் உறிஞ்சப்பட்டு இரண்டாவது உச்சம் காட்டும். மதியச் சாப்பாடு டோஸுக்கு 4 மணி நேரம் கழித்து என்றால் 4, 5, 6, 8 என்று அடர்த்தியாக வையுங்கள், இரவுச் சாப்பாட்டைச் சுற்றி 10, 12.

பட்டினி விஷயம் ஒன்று. ஆரோக்கியமானவர் நெறிமுறையில் இரவு 10 மணி நேரம், டோஸுக்குப் பின் 4 மணி நேரம் என 14 மணி நேரம் வெறும் வயிறு. சிரோசிஸ்காரருக்கு அது ஆகாது, கிளைகோஜன் இருப்பே இல்லாத உடல். இரவு 10 மணிக்கு சிற்றுண்டி, காலை 8-க்கு டோஸ், 10-க்கு இட்லி. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே நேரம், அதே இட்லி.

வென்ஃப்ளானை (ரத்தம் எடுக்க நரம்பில் விட்டுவைக்கும் குழாய்) ஹெப்பாரின் போட்டுக் கழுவாதீர்கள், வெறும் சலைன் 2 மி.லி. ஹெப்பாரின் லைப்போபுரோட்டீன் லைபேஸைக் கிளப்பிவிடும், ட்யூப்புக்குள்ளேயே கொழுப்பு அமிலங்கள் பெருகி ஆல்புமினிலிருந்து மருந்தைத் தள்ளிவிடும். பிறகு கட்டற்ற பின்னம் அளந்தால் ஏறித் தெரியும், அதைச் சிரோசிஸின் விளைவு என்று அறிக்கையில் எழுதிவிடுவீர்கள். முதல் 1 மி.லி. ரத்தத்தை ஒதுக்கிவிட்டு 4 மி.லி. ஊதா மூடி ட்யூப்பில். எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கினால் செல் உடையும்.

உங்கள் மூலக்கூறு கார்பாக்சிலிக் அமிலம் என்று சொன்னீர்கள், எனக்கு முதல் கவலை அதில்தான். அசைல் க்ளுகுரோனைடு நிலையற்றது. அறை வெப்பத்தில் வைத்தால் உடைந்து தாய் மருந்தாகத் திரும்பிவிடும், ரத்தத்தில் இருந்ததைவிட அதிகமாக மருந்து அளவு காட்டும். சிரோசிஸில் க்ளுகுரோனைடு வெளியேற்றம் குறைந்து அது தேங்கியிருக்கும் என்பதால் பிழை நோயாளிக் குழுவில் மட்டும் வீங்கும், குழுக்களுக்கு இடையே இல்லாத வித்தியாசம் முளைக்கும். ஆகவே எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் ட்யூப். 30 நிமிடத்துக்குள் 4 டிகிரியில் 1500 ஜி, 10 நிமிடம். பிரித்த பிளாஸ்மாவில் உடனே அமிலம் சேர்த்து பிஎச் 3-4க்குக் கொண்டுவர வேண்டும், எவ்வளவு அமிலம் என்பதைச் சரிபார்ப்பில் முன்கூட்டியே நிறுவி, க்ரையோ வயலில் முன்பே போட்டு அனுப்பிவிட்டால் நர்ஸுக்குத் தலைவலி இல்லை. இரண்டு பங்காகப் பிரித்து மைனஸ் 70-ல். இரண்டு பங்கையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள், உலர்பனி வழியில் தீர்ந்துபோனால் இரண்டும் போய்விடும்.

கட்டற்ற பின்னத்துக்குத் தனியாக அமிலம் சேர்க்காத ஒரு பங்கு வேண்டும், அமிலம் போட்ட பிளாஸ்மாவில் புரதப் பிணைப்பு கெட்டுவிடும். இதை மறந்துவிட்டு முழுப் பிளாஸ்மாவையும் அமிலமாக்கிவிட்டால் ஆய்வின் பாதி நோக்கம் போச்சு.

முறையைச் சரிபார்க்கும்போது ஆரோக்கியமானவர் பிளாஸ்மா மட்டும் போதாது. மஞ்சள் ஏறிய பிளாஸ்மா, கொழுப்பு மிதக்கும் பிளாஸ்மா, செல் உடைந்த பிளாஸ்மா மூன்றிலும் ஓட்டுங்கள். சிரோசிஸ் ரத்தத்தில் பித்த அமிலங்கள் பல மடங்கு இருக்கும், நிறை நிறமாலைக் கருவியில் உங்கள் மருந்தின் சமிக்ஞையை அமுக்கக் கூடியவை.

மொத்த ரத்தம்: ஒரு சுற்றுக்கு 16 மாதிரி, 64 மி.லி., இரண்டு சுற்று 128. ஒதுக்கிய ரத்தம் 32. பாதுகாப்புப் பரிசோதனை 8 முறை, தலா 12 மி.லி., 96. கூட்டினால் 256 மி.லி. ஹீமோகுளோபின் 9-ல் இருப்பவரிடம் இதை எடுத்துவிட்டு "மருந்தால் ரத்தசோகை" என்று எழுதக்கூடாது.

மருந்தியல்_பிஜி

மூவருக்கும் நன்றி. 25 மி.கி. ஒற்றை டோஸைச் சேர்த்துவிட்டேன், அடிமட்ட விதியையும். கண்ணன் சார், ஃபியாலுரிடின் பற்றி இரண்டு கேள்விகள். எலி, நாய், குரங்கு எதிலுமே தெரியாமல் எப்படிப் போனது? 13-வது வாரத்தில்தான் வந்தது என்றால் என் 28 நாள் எதைத்தான் நிரூபிக்கும்?

கண்ணன்_ஹெப்

இரண்டாவது கேள்விக்கு முதலில்: அந்த மாதிரி நச்சைப் பொறுத்தவரை எதையும் நிரூபிக்காது. 28 நாள் அடுத்த படிக்கான டோஸைத் தேர்ந்தெடுக்க மட்டும். ஃபியாலுரிடினுக்கும் முன்னால் குறுகிய காலச் சோதனைகள் இருந்தன, 4 வாரம் வரை. அவை அபாயத்தைக் காட்டவில்லை.

எண்ணிக்கையும் பாருங்கள். மருந்து எடுக்கும் 9 பேரில் ஒருவருக்கும் கல்லீரல் பாதிப்பு வரவில்லை என்றாலும், உண்மையான விகிதம் 28 சதவீதம் வரை இருக்க இடம் உண்டு, 95 சதவீத நம்பிக்கை எல்லையில். "9-ல் பூஜ்யம், பாதுகாப்பானது" என்று முடிவுரையில் எழுதினால் தேர்வாளர் அங்கேயே பிடிப்பார்.

முதல் கேள்வி. ஃபியாலுரிடின் தைமிடின் மாதிரியான மூலக்கூறு. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை நகலெடுக்கும் காமா பாலிமரேஸ் இதை எடுத்துச் சங்கிலிக்குள் கோத்துவிடுகிறது. வாரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா தேய்கிறது, செல் லாக்டேட்டை நோக்கித் திரும்புகிறது, செல்லுக்குள் நுண்கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. மனிதனில் இதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிவிடும் நியூக்ளியோசைடு கடத்தி ஒன்று அதன் சவ்வில் இருக்கிறது. சுண்டெலியில் அந்த இடத்தில் அது இல்லை, ஆகவே மருந்து வாசலோடு நின்றுவிடுகிறது. பின்னாளில் தரையில் வளை தோண்டி வாழும் அணில் குடும்ப விலங்கான வுட்சக்கில் நீண்ட நாள் கொடுத்தபோதுதான் அதே நோய் வந்தது. மனிதக் கல்லீரல் செல்களைப் பொருத்திய எலிகளிலும் 2014-ல் காட்டினார்கள்.

உங்கள் மருந்து நியூக்ளியோசைடு இல்லை, ஆனாலும் லாக்டேட்டை அட்டவணையில் சேருங்கள், செலவு ஒன்றும் இல்லை. சாம்பல் மூடி ஃப்ளோரைடு ட்யூப், கட்டுக்கயிறு கட்டாமல் அல்லது கட்டியதும் தளர்த்திவிட்டு, கையை மூடித் திறக்கச் சொல்லாமல் எடுத்து, ஐஸில் வைத்து 15 நிமிடத்துக்குள் பிரிக்க வேண்டும். இதில் எது தவறினாலும் லாக்டேட் தானாக ஏறும். சிரோசிஸில் அடிப்படையே கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதனால் முதல் நாள் அளவு அவசியம்.

மருந்து நிறுத்திய பிறகான கண்காணிப்பை "5 அரை ஆயுள்" என்று முடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ரத்தத்திலிருந்து மருந்து போவதற்கும் பாதிப்பு நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை. குறைந்தது 4 வாரம், இரண்டு முறை ரத்தப் பரிசோதனை.

பயன் அளவீடாக எம்ஆர்ஐ கொழுப்புப் பின்னத்தைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சிரோசிஸ் முற்றும்போது கொழுப்பு தானாகவே கரைந்துபோகும், 4 சதவீதத்தில் தொடங்கும் ஆளிடம் என்ன குறைப்பைக் காட்டப் போகிறீர்கள்? அது இரண்டாம், மூன்றாம் நிலை இழைநார் உள்ளவர்களுக்கு, அங்கே 30 சதவீதக் குறைவு ஓரளவு பொருள் உள்ளது. கல்லீரல் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வைக்கலாம், 3 மணி நேரம் வெறும் வயிறு, 10 சரியான அளவுகள், பரவல் நடுமதிப்பில் 30 சதவீதத்துக்குள். ஏஎல்டி ஏறியிருக்கும் நாளில் எடுத்தால் அழற்சியாலேயே விறைப்பு கூடித் தெரியும், இழைநார் கூடிவிட்டதாக எண்ணாதீர்கள்.

கமிட்டி_செயலர்

நெறிமுறைக்குழுப் பார்வையில் சில குறிப்புகள், மேலே யாரும் தொடாதவை.

ஒப்புதல். சிரோசிஸ் ஏ-யிலும் மறைமுக மூளைப் பாதிப்பு இருக்கலாம், பேசினால் தெரியாது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் கீழ் போனால் அன்று கையெழுத்து வாங்காதீர்கள். மாடு, ஆடு, நாய் என்று ஆரம்பித்து ஏழாவதில் திணறி மறுபடி மாடு என்பார். அது கணக்கில் சேராது. சேர்த்த பிறகும் ஒவ்வொரு வருகையிலும் இதைத் திரும்பச் செய்தால் குழப்பநிலையை முன்கூட்டியே பிடிக்கலாம்.

இந்தியாவில் 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள்படி சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். புதிய மூலக்கூறுச் சோதனையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்த்தால் ஒப்புதலை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். கடும் பாதக நிகழ்வு நடந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரி, ஸ்பான்சர், குழு மூவருக்கும் சொல்லியாக வேண்டும், பகுப்பாய்வு அறிக்கை 14 நாளுக்குள். சிரோசிஸில் ரத்த வாந்தி "நோயின் இயல்பு" என்று சொல்லி இந்த 24 மணியைத் தவறவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. இயல்பா இல்லையா என்பது பிற்பாடு முடிவு செய்ய வேண்டிய விஷயம், தகவல் முதலில் போக வேண்டும். காயத்துக்கான மருத்துவச் செலவும் அதே மாதிரி: சோதனையால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரை ஸ்பான்சர் பொறுப்பு. நோயாளித் தாளில் இதைச் சாதாரணத் தமிழில் எழுதுங்கள்.

நாட்டு மருந்து. "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், கஷாயத்தை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. கீழாநெல்லி, சீந்தில், லேகியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பையிலிருந்து அறிக்கை வந்தது. சேர்க்கைக்கு 4 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்று விதி போடுங்கள்.

கீழாநெல்லி என்றதும் ஒரு கிளைக் குறிப்பு, சிறு குழுவில் பயன் தேடுபவர்களுக்காக. 1988-ல் வெளியான சென்னை ஆய்வில் ஹெபடைடிஸ் பி சுமப்பவர்களுக்கு 200 மி.கி. பொடி தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது, வெற்று எடுத்த 23 பேரில் ஒருவருக்கு. பின்னர் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அது திரும்ப வரவில்லை. உங்கள் 9 பேரில் ஐந்து பேருக்கு ஏஎல்டி பாதியானாலும் முடிவுரையில் அதை எங்கே வைப்பீர்கள் என்று இப்போதே தீர்மானித்துப் புள்ளியியல் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

மருந்தியல்_பிஜி

விலங்குப் பெயர்ச் சோதனை அட்டவணையில் ஏறிவிட்டது. மீனா மேடம், ஒரே ஒரு சந்தேகம்: கட்டற்ற பின்னத்தை 16 மாதிரியிலும் அளக்க வேண்டுமா?

மீனா_லேப்

வேண்டாம். டோஸுக்கு முந்தைய வெற்றுப் பிளாஸ்மாவில் மருந்தைச் சேர்த்து ஒன்று, உச்ச அளவு நேரத்தில் ஒன்று, 24 மணியில் ஒன்று, ஆளுக்கு மூன்று போதும். 37 டிகிரியில் சமநிலை டயாலிசிஸ் (சவ்வின் ஒரு பக்கம் பிளாஸ்மா, மறுபக்கம் பஃபர்), 5 மணி நேரம் ஓடட்டும். பஃபர் பக்கத்தின் பிஎச்சை முடிவில் அளந்து 7.4-லேயே நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள், கரியமில வாயு வெளியேறி 7.8-க்குப் போயிருந்தால் அந்த எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உங்கள் சேர்மம் அமிலமோ இல்லையோ, இந்தத் தவறு எல்லாவற்றையும் கெடுக்கும்.